காய்ச்சலை மறைக்கத் தேவையில்லாத வளாகம்: பெருந்தொற்று வழிகாட்டி எழுத யோசனை சொல்லுங்கள்

மலைக்கோட்டை
செவ்வாய், இரவு 9:12

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரியில் பேரிடர்த் திட்டக் குழு என்று ஒன்றைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்பதுதான் உண்மைக் காரணம். எப்படியோ, ‘பெருந்தொற்றுக் காலச் சுகாதார, பாதுகாப்பு வழிகாட்டி’ எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அவர்களில் விடுதியில் இருப்பவர்கள் 1,100.

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். 2020 கடைசியில் அவசரமாக எழுதியது, 22 பக்கம். நுழைவாயிலில் வெப்பமானி, கிருமிநாசினிப் புட்டி, தரையில் வட்டம், ஆறடி இடைவெளி, நூலகத்தில் புத்தகத்தைத் தொட்டால் என்ன செய்வது என்று ஒன்றரைப் பக்கம். மெஸ் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: ‘மெஸ்ஸில் கூட்டம் தவிர்க்கப்பட வேண்டும்.’ யார் தவிர்ப்பது, எப்படித் தவிர்ப்பது என்று ஒன்றும் இல்லை.

பெயரையும் ஆண்டையும் மாற்றி அதையே கொடுத்துவிடலாம். யாரும் படிக்கப்போவதில்லை. ஆனால் அப்போது இதே வளாகத்தில் நானும் இருந்தேன். மனம் ஒப்பவில்லை. கொரோனாக் காலத்தில் விடுதியில் இருந்தவர்கள், நடத்தியவர்கள், சமைத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். எது உண்மையில் பயன்பட்டது? எது வெறும் சடங்கு?

கிண்டிவாசி
செவ்வாய், இரவு 9:50

மெஸ்ஸிலிருந்தே தொடங்குங்கள் சார். நான் சொல்வது செய்தித்தாள்களில் வந்ததுதான், உள்விவகாரம் எதுவும் இல்லை.

2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் தொற்று பரவியது நினைவிருக்கும். வளாகத்தில் அப்போது எல்லா மாணவர்களும் இல்லை. பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள், மொத்தம் 774 பேர். மான்கள் திரியும் அத்தனை பெரிய காட்டு வளாகத்துக்குள் 774 பேர் என்றால் ஆளுக்கு ஒரு மான் என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். இடைவெளிக்கு என்ன குறை? ஆனாலும் டிசம்பர் நடுவில் வெளியான முதல் கணக்கிலேயே 71 பேருக்குத் தொற்று. அவர்களில் 66 பேர் மாணவர்கள். மீதிப் பேரில் மெஸ் ஊழியர்களும் உண்டு. எல்லோரையும் பரிசோதித்ததும் எண்ணிக்கை சில நாட்களில் நூறைத் தாண்டியது. பக்கத்திலேயே இருந்த கிண்டி கிங் நிலைய அரசு கொரோனா மருத்துவமனையில் சிகிச்சை கொடுத்தார்கள். காரணம் என்று அரசுத் தரப்பில் சுட்டிக்காட்டியது என்ன தெரியுமா? ஆள் குறைவு என்பதால் ஒரே ஒரு மெஸ் மட்டும் திறந்திருந்தது. பல விடுதிகளிலிருந்தும் அந்த ஒரு கூடத்துக்கு வந்திருக்கிறார்கள். பிறகுதான் சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள்.

சிக்கனத்துக்காக மூன்று மெஸ்ஸை மூடி ஒன்றைத் திறந்து வைப்பது எந்த நிர்வாகமும் செய்யக்கூடிய வேலைதான். கணக்குப்படி சரி. தொற்றுக் கண்ணோட்டத்தில், தனித்தனியாக இருந்த விடுதிகளை ஒரு குழாயில் இணைத்துவிட்டது.

அடுப்படி
செவ்வாய், இரவு 11:05

நான் மெஸ் மேற்பார்வையாளர். 19 ஆண்டாக இதே வேலை. கொரோனாக் காலத்தில் வேறொரு பொறியியல் கல்லூரியில் இருந்தேன். பெயர் வேண்டாம்.

எல்லோரும் சாப்பாட்டு மேசையையே பார்க்கிறார்கள். மேசைக்கு மேசை நாற்காலியை எடுத்துவிட்டு, பெருக்கல் குறி ஒட்டிப் படம் பிடித்துப் போட்டார்கள். சிக்கல் மேசையில் மட்டும் இல்லை, கைகழுவும் இடத்தில் இருந்தது. எங்கள் கூடத்தில் 300 பேர் உட்காரலாம், குழாய் நான்கு. சாப்பிட்டு முடித்ததும் அத்தனை பேரும் அந்த நான்கு குழாய்க்கு முன்னால் நிற்பார்கள். முகக்கவசம் சட்டைப் பையில் இருக்கும். ஒருவன் வாய் கொப்பளித்துத் துப்பும்போது அடுத்தவன் அவன் தோளுக்கு மேல் எட்டிக் கையை நீட்டுவான். ஆறடி வட்டமெல்லாம் வாசலோடு சரி.

அடுத்தது பந்தி. ‘சிறு சிறு பந்தியாகப் பரிமாறுங்கள்’ என்று சுற்றறிக்கை வந்தது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,100 பேர். இடைவெளி விட்டு உட்கார்ந்தால் ஒரு பந்திக்கு 100 பேர். ஒரு பந்திக்குத் துடைப்பது உட்பட 25 நிமிடம். 11 பந்தி. காலை 11 மணிக்குப் பகல் சாப்பாட்டைத் தொடங்கினால் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி 3:35. அதற்குள் மாலை டீ போட வேண்டும். என் ஆட்களும் மனிதர்கள்தானே?

பொட்டலமும் எளிதில்லை. கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி 600 பேருக்குக் கொடுத்தோம். நான்காம் நாள் பிள்ளைகள் சாம்பாரை அப்படியே கொட்டிவிட்டு ஊறுகாயோடு சாப்பிட்டார்கள். விடுதிக் குப்பைத் தொட்டி நிரம்பி நாய்கள் மாடி ஏறின.

கடைசியில் சரிப்பட்டது இதுதான்: சமையல் ஒரே இடம், பரிமாறுவது நான்கு இடம். அண்டாவைச் சிறு வண்டியில் ஏற்றி ஒவ்வொரு விடுதி முற்றத்துக்கும் கொண்டுபோனோம். தட்டும் டம்ளரும் அவரவருடையது. வாங்கிக்கொண்டு வராந்தாவிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவரவர் மாடிக் குழாயில் கழுவிக்கொண்டார்கள். மழை நாளில் மட்டும் திண்டாட்டம்.

கணக்கன்
புதன், காலை 7:30

காலையிலேயே குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் முடிந்த கதை. இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சளிக் காய்ச்சல்போல் வந்து போனது. அதற்காக மாதக்கணக்கில் கல்லூரியைப் பூட்டி, கணினித் திரையில் பட்டம் கொடுத்தோம். அந்த இழப்பை யாரும் கணக்கெடுக்கவில்லை. இப்போது மறுபடியும் வழிகாட்டி, குழு, வண்டி, அண்டா. நான் ஒரு கல்லூரியில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கும் பின்னால் ஒரு பில் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மருந்தறை
புதன், காலை 8:15

கணக்கன் சார், கல்லூரியைப் பூட்டியதால் வந்த இழப்பு பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். பூட்டாமல் இருப்பதற்குத்தான் வழிகாட்டியே தேவைப்படுகிறது.

ஆனால் வளாகம் என்றால் இருபது வயது மட்டும்தானா? நான் கல்லூரி மருந்தகத்தில் செவிலியர். எங்கள் கழிப்பறைகளைக் கழுவும் அம்மாக்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. இரவுக் காவலர் ஓய்வுபெற்று மறுபடி வேலைக்கு வந்தவர். வார இறுதியில் ஊருக்குப் போகும் பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருப்பார். பிள்ளைக்குச் சளி. பாட்டிக்கு?

நுழைவாயில் வெப்பமானியைப் பற்றி ஒன்று. சித்திரை வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவனின் நெற்றி கொதிக்கும். ஏசி பஸ்ஸில் வந்தவனின் நெற்றி குளிர்ந்திருக்கும். அந்தத் துப்பாக்கி தோலின் சூட்டை அளக்கிறதே தவிர, உடம்பின் காய்ச்சலை அல்ல. அதைவிட முக்கியம், அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே கொரோனா மற்றவர்களுக்குத் தொற்றும். காய்ச்சல் உள்ளவர்களோ, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். எங்களிடம் மாத்திரை தீர்ந்துபோன வேகத்தை வைத்துத்தான் எனக்கே இது புரிந்தது. பதிவேட்டில் காய்ச்சல் மூன்று பேர். மாத்திரை அட்டை காலியானதோ நாற்பது.

ஏன் மறைத்தார்கள்? 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி வைக்கமாட்டார்கள். ஐந்து நாள் படுத்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வழிகாட்டியின் முதல் வரி வருகைப்பதிவைப் பற்றியதாக இருக்கட்டும் சார். கிருமிநாசினி எல்லாம் அப்புறம்.

தாமிரபரணி
புதன், மதியம் 1:40

நர்ஸ் அம்மா சொன்ன ‘மறைத்தவர்களில்’ நானும் ஒருவன். வேறு கல்லூரி. அப்போது இரண்டாமாண்டு.

எங்கள் மாடியில் முதலில் காய்ச்சலைச் சொன்னவன் என் அறைத் தோழன். நேர்மையாக வார்டனிடம் போனான். அரை மணி நேரத்தில் அவன் பெயர், அறை எண், துறை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் ‘எச்சரிக்கை’ என்ற தலைப்போடு வந்தது. பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு ஆண்டாகப் பூட்டிக் கிடந்த அறையில் வைத்தார்கள். வாளி இல்லை. மின்விசிறி சுற்றவில்லை. சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுக் கீழிருந்து குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். காய்ச்சலோடு இறங்கி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் அவன் அப்பாவை வரச்சொல்லி, ‘அழைத்துப் போங்கள்’ என்றார்கள். எட்டு மணி நேரப் பயணம். காய்ச்சலோடு ஒருவனைப் பொதுப் பேருந்தில் ஏற்றி அனுப்பினால் வளாகம் பாதுகாப்பாகிவிடும் என்று நினைத்தார்கள் போலும்.

அடுத்த வாரம் எனக்குத் தொண்டை கட்டியது. எங்கள் வரிசையில் இன்னும் நான்கு பேருக்கு. ஐந்து பேரும் சொல்லவில்லை. சுக்கு, மிளகு, மாத்திரை என்று சமாளித்தோம். ஐந்து பேரும் மெஸ்ஸுக்குப் போனோம். அடுப்படி சார், மன்னியுங்கள்.

கிண்டிவாசி
புதன், மதியம் 2:05

தம்பி சொல்வதற்கு மேலிடத்திலும் ஒரு வேர் இருக்கிறது. 2020 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் மாணவர்கள் வளாகத்தில் இருக்கக் கூடாது, ஓர் அறைக்கு ஒருவர், மெஸ்ஸில் சிறு பிரிவுகளாகச் சாப்பிட வேண்டும், எடுத்துச் செல்லவும் வசதி வேண்டும் என்றெல்லாம் நல்ல வரிகள் உண்டு. கூடவே, அறிகுறி உள்ள மாணவர்களை எந்தச் சூழ்நிலையிலும் விடுதியில் தங்க அனுமதிக்கக் கூடாது என்றும் ஒரு வரி. டெல்லியிலிருந்து பார்த்தால் அது எச்சரிக்கை. விடுதியில் படுத்திருக்கும் பையனுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: சொன்னால் வெளியே.

வேப்பமரத்தடி
புதன், மாலை 5:20

பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொரோனாவுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் விடுதியில் அம்மை பார்த்திருக்கிறேன், நான்கைந்து முறை.

அம்மை போட்ட பெண் ஒளிந்துகொள்ளமாட்டாள். காலையில் கண்ணாடியில் கொப்புளத்தைப் பார்த்த உடனே தோழிகளே ஓடிவந்து சொல்லிவிடுவார்கள். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்பார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டிவிடுவோம். அதைப் பார்த்ததும் யாரும் உள்ளே போகமாட்டார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவும்மாட்டார்கள். இளநீர் வரும், மோர் வரும், நொய்க் கஞ்சி வரும். ஏற்கெனவே அம்மை வந்து போனவள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வாள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வகுப்புக்குப் போவாள். துறைத் தலைவர்களும் கேள்வி கேட்கமாட்டார்கள். தெய்வக் குத்தமாகிவிடுமே!

2020-இல் என் தெருவில் என்ன நடந்தது? ஒரு வீட்டில் கொரோனா என்றதும் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். சென்னையிலும் பல இடங்களில் அப்படித்தான். வேப்பிலை செய்த வேலையைத்தான் தகரமும் செய்தது, மற்றவர் உள்ளே போகாமல் தடுப்பது. ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் தெய்வம் இருக்கிறாள். தகரம் அடித்த வீட்டுக்குள் குற்றவாளி இருக்கிறான். அடுத்த வீட்டுக்காரர் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார் என்று கேட்க வேண்டுமா?

உங்கள் தனிமை அறைக்கு வேப்பிலை கட்டச் சொல்லவில்லை. தாமிரபரணி தம்பியின் தோழன் இருந்த அறையில் வாளி இல்லை என்றாரே, அங்கிருந்து தொடங்குங்கள். விடுதியிலேயே நல்ல அறைகள் எவையோ அவற்றைத் தனிமை அறையாக்குங்கள். கீழ்த்தளம், இணைந்த கழிப்பறை, வெந்நீர். விருந்தினர் விடுதி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறதே, ஆண்டு முழுவதும் யாருக்காகக் காத்திருக்கிறது?

மலைக்கோட்டை
புதன், இரவு 8:30

அம்மா, விருந்தினர் விடுதி! எங்களிடம் 14 அறை இருக்கிறது, இணைந்த குளியலறையோடு. பழைய கோப்பில் தனிமை அறை என்று குறித்திருப்பது உடற்பயிற்சிக் கூடத்தின் மாடியை. நானே அந்தக் குழுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே?

காற்றாடி
புதன், இரவு 10:10

அதற்காகத்தான் காத்திருந்தேன். கட்டடக் காற்றோட்டம் என் தொழில்.

முதல் ஓராண்டு முழுவதும் உலகமே மேசையைத் துடைத்தது. திருப்பூரில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை வைத்தார்கள், நினைவிருக்கிறதா? மனிதர்கள் மேல் மருந்து தெளிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே 2020 ஏப்ரலில் சொல்ல வேண்டியிருந்தது. மூடிய இடத்தில் காற்றில் மிதக்கும் நுண்துளி வழியாகவும் பரவும் என்று உலக சுகாதார நிறுவனம் தன் பொது விளக்கத்தில் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் கடைசியில். அதற்குள் நம் நாட்டில் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது.

வகுப்பறைக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். கரியமில வாயு அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். வெளிக்காற்றில் அது 420 என்று காட்டும், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. அறைக்குள் 800 என்றால், நீங்கள் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு ஏற்கெனவே யாரோ வெளியே விட்ட மூச்சு. 2,000 என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. 60 பேர் உட்கார்ந்து கதவடைத்த ஏசி அறையில் ஒரு மணி நேரப் பாடம் முடிவதற்குள் 2,000 எளிதாக வந்துவிடும். சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருப்பதையே குளிர்வித்து மறுபடி முகத்தில் அடிக்கிறது. பலர் இதை இன்னமும் நம்புவதில்லை.

நம் பழைய வகுப்பறைகள் இருபுறமும் சன்னல், உயரக் கூரை, மேலே காற்றுப்போக்கி என்று கட்டப்பட்டவை. ‘ஸ்மார்ட்’ வகுப்பறை ஆக்குகிறேன் என்று சன்னலைப் பலகை அடித்து மூடியவர்கள் நாம்தான். அந்தப் பலகையைக் கழற்ற ஒரு தச்சரும் அரை நாளும் போதும்.

தாமிரபரணி
புதன், இரவு 10:25

வகுப்பறை சரி அண்ணா. விடுதியில் மாலை ஆறு மணிக்குமேல் சன்னலைத் திறந்தால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும். டெங்குவுக்கு மூடு, கொரோனாவுக்குத் திற என்றால் என்ன செய்வது?

காற்றாடி
புதன், இரவு 10:40

நல்ல கேள்வி, என்னை யாரும் அலுவலகத்தில் கேட்டதில்லை. சன்னலுக்குக் கொசு வலை அடிப்பதுதான் வழி. வலை காற்றைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் மூடிய சன்னலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். கதவுக்கு மேலே உள்ள திறப்பில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று வைத்தால் சன்னல் வழியே புதுக்காற்று தானாக உள்ளே வரும். பெருந்தொற்று வழிகாட்டியில் கொசு வலை என்று எழுதினால் சிரிப்பார்கள். எழுதுங்கள்.

ஜூரோங்
வியாழன், காலை 6:55

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். 2020 ஆகஸ்ட்டில் இங்கே தேசியப் பல்கலைக்கழகம் திறந்தபோது வளாகத்தையே மண்டலங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு மண்டலத்து மாணவர் அங்கேயே படிக்க வேண்டும், அங்கேயே சாப்பிட வேண்டும். ஐம்பது பேருக்கு மேற்பட்ட வகுப்பெல்லாம் இணையத்தில். நாளுக்கு இருமுறை உடல் வெப்பத்தைப் பதிய வேண்டும். வெப்பத்தைப் பதிவது பலருக்குச் சடங்காகிவிட்டது என்பது என் எண்ணம், ஆனால் மண்டலம் பிரித்தது புத்திசாலித்தனம். ஓரிடத்தில் பரவினால் அந்த மண்டலத்தோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். அடுப்படி ஐயா அண்டாவை நான்கு முற்றத்துக்குக் கொண்டுபோனாரே, அதுவும் இதேதான். அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கன்
வியாழன், காலை 9:20

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் வாரத்துக்கு இருமுறை எல்லோருக்கும் எச்சில் பரிசோதனை வைத்தது. தொற்று உறுதியான பிறகும் சிலர் விருந்துக்குப் போனார்கள், எண்ணிக்கை ஏறியது. இத்தனை செலவும் என்ன ஆயிற்று?

கிண்டிவாசி
வியாழன், காலை 10:00

அவர்கள் கட்டுப்பாட்டை இறுக்கி அந்தப் பருவத்தை வளாகத்திலேயே முடித்தார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் மாணவர்கள் திரும்பி வந்தபோது எல்லோரையும் பரிசோதிக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 10-இல் வகுப்பு தொடங்கியது. 17-ஆம் தேதி இளநிலை வகுப்புகளை இணையத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். ஒரே வாரம்.

மலிவாகவும் செய்யலாம். அதே மாதம் அரிசோனா பல்கலைக்கழகம் ஒவ்வொரு விடுதியின் கழிவுநீரையும் சோதித்துக்கொண்டிருந்தது. ஒரு விடுதியின் சாக்கடையில் வைரஸ் தடயம் தெரிந்தது. அங்கிருந்த 311 பேரையும் பரிசோதித்தார்கள். இரண்டு பேருக்குத் தொற்று, இருவருக்கும் அறிகுறி இல்லை. நாள்தோறும் 311 மூக்கில் குச்சி விடுவதற்குப் பதிலாக ஒரு புட்டித் தண்ணீர். நம் விடுதிகளிலும் கழிவுநீர்த் தொட்டி தனித்தனியாகத்தானே இருக்கிறது? பக்கத்தில் மருத்துவக் கல்லூரி ஆய்வகம் இருந்தால் இப்போதே பேசி வைக்கலாம்.

நெறியாளர்
வியாழன், மதியம் 12:30

கபசுரக் குடிநீர் பயன்பட்டதா இல்லையா என்ற சண்டையில் 17 பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். தடுப்பூசி பற்றிய நான்கு பதிவுகளும் அங்கேயே. தலைப்பு வளாகம், வளாகத்தையே பேசுங்கள்.

மருந்தறை
வியாழன், மதியம் 12:50

நெறியாளர் மன்னிக்க வேண்டும், குடிநீர் பயனுள்ளதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் எங்கள் விடுதியில் அதைக் கொடுத்த விதம் இருக்கிறதே! ஒரே அண்டா, ஒரே கரண்டி, 400 பேர் வரிசை. முகக்கவசத்தைக் கழற்றி அங்கேயே நின்று குடித்துக் கசப்பில் இருமிவிட்டுப் போனார்கள். நோய்த் தடுப்புக்காக ஒரு கூட்டம்.

தடுப்பூசி முகாமைப் பற்றி ஒரு வரி மட்டும். 2021 செப்டம்பரில் கல்லூரிகள் திறந்தபோது எங்கள் வளாகத்திலேயே முகாம் போட்டார்கள். முதல் நாள் கூட்டமே இல்லை. மறுநாள் முதல்வர், ஊசி போட்டவருக்கு அடுத்த நாள் வருகைப்பதிவோடு விடுப்பு என்று அறிவித்தார். மாலைக்குள் டோக்கன் தீர்ந்தது. மறுபடியும் வருகைப்பதிவுதான், பார்த்தீர்களா?

அடுப்படி
வியாழன், இரவு 11:20

இவ்வளவு பேசினோம், என் ஆட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் மெஸ்ஸில் 34 பேர். பாதிப் பேர் ஒடிசா, அசாம் பக்கத்துப் பிள்ளைகள். சமையலறைக்குப் பின்னால் எட்டுக்குப் பத்து அறை, ஒன்றில் எட்டுப் பேர். மாணவனுக்கு ஓர் அறைக்கு ஒருவர் என்ற விதி வந்தபோது இவர்களுக்கு எட்டுப் பேர்தான். கூலி தினக்கணக்கு. காய்ச்சல் என்று படுத்தால் அன்றைய கூலி இல்லை. மாணவன் வருகைப்பதிவுக்காக மறைத்தான், இவன் அரிசிக்காக மறைத்தான். 34 பேரில் ஒருவன் மறைத்தால் அத்தனை தட்டுக்கும் அவன் கைதான் போகிறது. தட்டை விடுங்கள், காற்று என்று காற்றாடி சார் சொல்கிறார். அவன் சோறு போடும்போது குனிந்து ‘போதுமா?’ என்று கேட்கிறானே, அந்தக் காற்று.

ஒப்பந்த ஆட்கள் என்பதால் கல்லூரிக் கணக்கில் இவர்கள் இல்லை. ஒப்பந்தக்காரர் கணக்கில் நோய் இல்லை. உங்கள் கோப்பில் ‘மாணவர்கள், ஆசிரியர்கள், பணியாளர்கள்’ என்றுதான் எழுதியிருக்கும். அதில் ‘பணியாளர்’ என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மலைக்கோட்டை
சனி, இரவு 9:00

இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதினேன். 22 பக்கம் 5 பக்கமாகிவிட்டது. வெப்பமானி போயிற்று, நூலகப் புத்தகம் போயிற்று. இப்போதைய வடிவத்தின் சாரம்:

பொதுச் சுகாதாரத் துறை பெருந்தொற்று என்று அறிவித்த நாளிலிருந்து 75 விழுக்காட்டு விதி நிறுத்தி வைக்கப்படும். இதில் பல்கலைக்கழக அனுமதி வேண்டும், அதற்கான கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொன்னவருக்கு மருத்துவச் சான்று கேட்கப்படாது, மருந்தகப் பதிவே போதும். தவறிய உள்தேர்வு மறுபடி வைக்கப்படும். விருந்தினர் விடுதியின் 14 அறையும் தனிமை அறைகள். வாளி, வெந்நீர், ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, சன்னல் வலை எல்லாம் இப்போதே வாங்கி வைக்க வேண்டும். அளவு 94-க்குக் கீழே போனால் யாரைக் கேட்காமலும் ஆம்புலன்ஸ் அழைக்கச் செவிலியருக்கு அதிகாரம். நோயாளியின் பெயர் செவிலியர், வார்டன், பெற்றோர் மூவருக்கு மட்டும். யாரையும் ஊருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது, அவரே விரும்பினாலொழிய. சமையல் ஓரிடம், பரிமாறுவது விடுதிதோறும். கைகழுவும் குழாய்கள் 20 ஆக உயர்த்தப்படும். ஸ்மார்ட் வகுப்பறைச் சன்னல் பலகைகள் கழற்றப்படும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும் காய்ச்சல் நாட்களில் முழுக் கூலி.

வேப்பமரத்தடி
சனி, இரவு 9:25

கஞ்சியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எழுதவில்லையே? அதை எழுதாவிட்டால் மறுபடி மாடிப்படியில்தான் வைப்பார்கள். பெயர் போட்டு முறை வைத்து எழுதுங்கள். நல்ல முகக்கவசம் கொடுத்தால், குணமானவர்களே முன்வருவார்கள். அம்மையில் பார்த்திருக்கிறேன்.

மலைக்கோட்டை
திங்கள், இரவு 8:45

சேர்த்துவிட்டேன் அம்மா.

இன்று குழுக் கூட்டம். குழாய்க்குத் தடை இல்லை. விருந்தினர் விடுதிக்கு முணுமுணுப்பு, பிறகு சம்மதம். சன்னல் பலகையைக் கழற்றினால் தர மதிப்பீட்டில் ஸ்மார்ட் வகுப்பறை எண்ணிக்கை குறையுமா என்று ஒருவர் கேட்டார், குறையாது என்றேன். எனக்கும் உறுதியாகத் தெரியாது. கூலி வரிக்கு எதிரே மட்டும் தாளாளர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அடுப்படி
திங்கள், இரவு 11:10

கேள்விக்குறிதானே, அடிக்கவில்லையே.

கணக்கன்
செவ்வாய், காலை 7:05

மலைக்கோட்டை சார், தாளாளரிடம் வாதம் எடுபடாது, எண்ணைக் கொடுங்கள். உங்கள் மெஸ்ஸிலும் 34 பேர் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை பேருக்கும் ஒரே ஆண்டில் ஐந்து நாள் காய்ச்சல் வருகிறது, நாள் கூலி 550 ரூபாய் என்றால் 93,500 ரூபாய். எல்லோரும் ஒன்றாகப் படுக்கமாட்டார்கள், உண்மையில் இதில் பாதிகூட வராது. தூய்மைப் பணியாளர், காவலர் எத்தனை பேர், என்ன கூலி என்று அனுப்பினால் அதையும் போட்டுத் தருகிறேன். பக்கத்துப் பத்தியில் கடந்த ஆண்டு விழா மேடைக்கும் விளக்குக்கும் கொடுத்த தொகையை எழுதி வையுங்கள். விளக்கம் எதுவும் எழுத வேண்டாம்.